தெரிந்தவரிடம் வாங்கினாலும் பில் கேளுங்கள்

ஏற்காட்டில் நம் டிரஸ்ட் நடத்திய மாதாந்திர நலக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, டவுனிலிருந்தும் எஸ்டேட்டுகளிலிருந்தும் வந்திருக்கும் சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான்.

நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குப் பாகப்பிரிவினைத் தகராறு வரும், சீட்டுத் தகராறு வரும், வாடகைத் தகராறு வரும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "ஒரு மாசம்தான் யூஸ் பண்ணினது, புதுசு மாதிரி இருக்கு, நம்ம ஆளுதான்" என்று சொல்லி வாங்கிய போன், லேப்டாப், டிவி பற்றிய தகராறு. வருகிறவர்கள் இரண்டு பக்கமும் நம்மவர்கள். ஒருவர் மச்சான், மற்றவர் மாப்பிள்ளை. அல்லது ஒரே விடுதியில் வேலை பார்ப்பவர்கள். முன்பின் தெரியாதவரிடம் ஏமாந்தேன் என்று யாரும் நம்மிடம் வருவதில்லை. தெரிந்தவரிடம் வாங்கியவர்கள்தான் வருகிறார்கள்.

காரணம் யோசித்துப் பார்த்தால் புரியும். சேலத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போனால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், பில் எங்கே என்கிறோம், சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்கிறோம், அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். அதே போனைப் பெரியம்மா மகன் நீட்டினால் வாயே திறப்பதில்லை. பில் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். முகதாட்சண்யம். அந்தக் கூச்சத்துக்குத்தான் பிறகு பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுக்கிறோம். பல நேரங்களில் உறவையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

பெயர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறோம். கணவனை இழந்த ஒரு தாய். காபித் தோட்டத்தில் கூலி வேலை. மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஒரு நல்ல போன் தேவை. உறவுக்காரப் பையன் ஒருவன் திருப்பூரில் வேலை பார்த்தவன், இரண்டு மாதம் பயன்படுத்திய போனைப் பதினாலாயிரத்துக்குக் கொடுத்தான். கடையில் அதன் விலை இருபதைத் தாண்டும். அந்தத் தாய் காபி சீசனில் சேர்த்த பணம் அது. ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார். மூன்றாவது மாதம் ஒரு காலையில் போனைத் திறந்தால் திரை முழுக்க ஒரே அறிவிப்பு: தவணை பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் திறக்கும்.

அந்தப் பையன் போனை மாதத் தவணையில் வாங்கியிருக்கிறான். இப்போது தவணையில் விற்கப்படும் பல போன்களில், வாங்கும்போதே கடன் கொடுக்கும் நிறுவனம் ஒரு பூட்டைச் செயலியாக உள்ளே வைத்துவிடுகிறது. தவணை நின்றால் அங்கிருந்தே பூட்டிவிடுவார்கள். போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக்கினாலும் அந்தப் பூட்டு போகாது. அந்தத் தாய் நிறுவனத்துக்குப் போன் செய்தால், கடன் உங்கள் பெயரில் இல்லையே அம்மா, உங்களோடு நாங்கள் பேச முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தவறில்லை. மகளின் சான்றிதழ்ப் படங்கள், குறிப்புகள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. சிம்மைக் கழற்றி அம்மாவின் பட்டன் போனில் போட்டுத்தான் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஓடிபி பார்த்தார்கள்.

பையனைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவன் திருடன் அல்ல. வேலை போய்விட்டது, கையில் காசில்லை, விற்றான். மீதித் தவணையைக் கட்டிவிடலாம் என்று நினைத்தான், முடியவில்லை. கடன் இருப்பதை அவன் சொல்லவில்லை. இவர்கள் கேட்கவும் இல்லை. "தவணை பாக்கி ஏதும் இருக்கா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் பொய் சொல்லியிருப்பான் என்று நமக்குத் தோன்றவில்லை. கேள்வி வராதபோது மௌனமாக இருந்துவிடுவது மனிதனுக்குச் சுலபம். நேரே முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது, அதுவும் பெரியம்மா முறை உள்ளவரிடம், அவ்வளவு சுலபம் இல்லை.

மறைப்பது விற்பவன் மீதுள்ள குற்றம்தான், அதில் சந்தேகமில்லை. மதீனா கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். அந்தச் சம்பவத்தில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. அவர்கள் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கவில்லை.

கல்லூரிப் பாடத்திலும் இதே விஷயம் வருகிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970ஆம் ஆண்டு பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க முக்கியக் காரணமான கட்டுரை அது. ஷோரூமிலிருந்து நேற்று வெளியே வந்த கார் இன்று ஏன் அவ்வளவு விலை குறைந்துவிடுகிறது என்று கேட்டார். பொருளின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் விலையைக் குறைத்துக் கேட்கிறான். அந்த விலைக்கு நல்ல பொருளை யாரும் விற்க மாட்டார்கள். குறையுள்ள பொருள்தான் சந்தையில் மிஞ்சும் என்பது அவர் வாதம். ஆக, 'புதுசு மாதிரி' என்ற வார்த்தையைக் கேட்டால் உடனே ஒரு கேள்வி வர வேண்டும்: இவ்வளவு புதுசாக இருந்தால் ஏன் விற்கிறார்? நியாயமான பதில்கள் நிறைய உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு, மகள் கல்யாணம், அன்பளிப்பாக இரண்டு வந்துவிட்டது. எதுவானாலும் அந்தப் பதிலை அவர் வாயால் சொல்லட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து திருட்டுப் பொருள். நம் ஊர் சுற்றுலா ஊர். மே மாதக் கோடை விழாவில் படகு இல்லம், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பக்கம் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். கூட்டத்தில் போன் தவறுகிறது, திருடும் போகிறது. அது மலையை விட்டு இறங்குவதற்குள் இரண்டு கை மாறிவிடுகிறது. விடுதியில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவன் கூட வேலை பார்த்தவனிடமிருந்து எட்டாயிரத்துக்கு ஒரு போன் வாங்கினான். இருபதாயிரத்துக்கு மேல் விலையுள்ள போன். பில் இல்லை, பெட்டி இல்லை, சார்ஜர் வேறு கம்பெனி. இரண்டு மாதம் கழித்து வெளி மாவட்டப் போலீஸ் நிலையத்திலிருந்து அவனுக்குப் போன் வந்தது. வீட்டில் எல்லோரும் கதிகலங்கிப் போனார்கள். நம் டிரஸ்ட் ஆட்கள் கூடப் போய், போனை ஒப்படைத்து, வாங்கிய விவரத்தை எழுதிக் கொடுத்து வந்தோம். வழக்கு ஏதும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எட்டாயிரம் போனது போனதுதான். விற்றவன் அதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டான்.

போலீஸ் எப்படிக் கண்டுபிடித்தது என்று பல இளைஞர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் உண்டு. இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். சிம்மை மாற்றினாலும் அது மாறாது. 2023 மே மாதம் மத்திய அரசு சஞ்சார் சாத்தி என்ற தளத்தைக் கொண்டுவந்தது. போனைத் தொலைத்தவர் போலீசில் புகார் கொடுத்து, அந்தத் தளத்தில் பதிவு செய்தால் அந்த எண் நாடு முழுவதும் முடக்கப்படும். பிறகு யாராவது அதில் சிம் போட்டால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகிறது. யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவர்தான் முதலில் விசாரிக்கப்படுவார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குபவருக்கு வராது. திருடியவனிடமிருந்து நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் முழு விலை கொடுத்து வாங்கினாலும் பொருள் உரியவருக்குத்தான் சொந்தம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவுப்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை. தெரியாமல் வாங்கியவன் குற்றவாளி அல்ல. ஆனால் 'நம்பக் காரணம் இருந்தது' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இருபதாயிரம் போன் எட்டாயிரத்துக்கு, பில் இல்லாமல், பெட்டி இல்லாமல். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று ஒரு சகோதரர் கேட்டார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்கிறவர்களைப் பிடிக்கும். தன் சொந்தப் போனை ஒரு முறை விற்ற உங்கள் மச்சான் வியாபாரி அல்ல. அங்கே போய் நிற்பது கடினம். கடையில் வாங்கினால் இருக்கும் பாதுகாப்பு தெரிந்தவரிடம் வாங்கும்போது நமக்கு இல்லை. அதனால்தான் அங்கே கேட்பதைவிட இங்கே அதிகம் கேட்க வேண்டும் என்கிறோம்.

நம் மலைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மழையும் பனிமூட்டமும் ஈரமும் வருடத்தில் பாதி நாள். இங்கே நனைந்த போன் நிறைய. நனைந்த போனை அரிசியில் போட்டுக் காய வைத்து விற்றுவிடுவார்கள். அன்றைக்கு நன்றாக வேலை செய்யும். உள்ளே ஈரம் பட்ட இடம் மெல்ல அரித்து இரண்டு, மூன்று மாதத்தில் ஸ்பீக்கர் போகும், சார்ஜ் ஏறாது. பல போன்களில் சிம் வைக்கும் துளைக்குள் ஒரு சிறு வெள்ளை ஒட்டு இருக்கும். தண்ணீர் பட்டிருந்தால் சிவந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரில் கெட்டதைப் பெரும்பாலும் வாரண்டியில் பார்க்க மாட்டார்கள். பழுது பார்க்க வேண்டும் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு, பழுதுச் செலவு. மலிவாக வாங்கிய கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

வளைகுடாவிலிருந்து வரும் போன்களுக்கு இங்கே தனி மவுசு. கொண்டுவருகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். அங்கே கொடுத்த வாரண்டி இங்கே செல்லுமா என்பதை அந்தக் கம்பெனியின் சேலம் சர்வீஸ் சென்டரில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அரசு கொடுத்த லேப்டாப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அரசு முத்திரையோடு வந்த அந்த லேப்டாப்கள் மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கை மாறியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்போது மறுபடியும் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கும் திட்டம் வந்திருக்கிறது. தெரிந்த பையன்தானே, பெட்டி கூடப் பிரிக்கவில்லையே என்று யாரும் வாங்காதீர்கள். படிப்பதற்காகக் கொடுத்தது, விற்பதற்காக அல்ல. மலை கிராமத்துப் பிள்ளையின் வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்து அவன் லேப்டாப்பை அடிமாட்டு விலைக்கு வாங்குவது சட்டத்துக்கு அப்பாற்பட்டும் அநியாயம். அந்த வீட்டுக்கு நாலாயிரம் தேவை என்றால் நம்மிடம் அனுப்புங்கள். மதம் பார்த்து நாம் உதவுவதில்லை.

சரி, வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும் போன் செகண்ட் ஹேண்ட்தான். பார்த்து வாங்குங்கள். போனில் *#06# என்று அடித்தால் ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியில், பில்லில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்று மூன்று எழுத்து அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது என்ன கம்பெனி, என்ன மாடல் என்று பதில் வரும். முடக்கப்பட்டது என்றோ, ஒரே எண்ணில் பல போன் ஓடுகிறது என்றோ வந்தால் தொடவே வேண்டாம். எண்ணை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் பக்கமே போகாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு.

விற்பவரின் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ அவர் கையாலேயே, உங்கள் கண் முன்னால் நீக்கச் சொல்லுங்கள். அது உள்ளே இருக்கும்போது போனை அழித்தால் மறுபடி அவர் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அவர் அதற்குள் துபாய் போயிருப்பார். அழித்துப் புதிதாக்கிய பிறகு உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்து, திறந்தால்தான் பணம். தவணைப் பூட்டு இருந்தால் அதுவும் பெரும்பாலும் அப்போது தெரியும். தவணையில் வாங்கியது என்றால் கடன் முடிந்ததற்கான சான்றைக் கேளுங்கள்.

பிறகு மூன்று நாள் அவகாசம் வாங்குங்கள். இது நாம் கண்டுபிடித்தது அல்ல. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துகொண்டிருந்த ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற ஸஹாபியிடம், ஏமாற்று இருக்கக்கூடாது என்று சொல்லி வாங்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் யோசிக்கும் உரிமையும் அவருக்கு இருந்ததாக அறிவிப்பு உண்டு. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் இப்படி மூன்று நாள் வரை நிபந்தனை வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளில் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, சூடாகிறதா, பேசினால் எதிராளிக்குக் கேட்கிறதா, நாகலூர்ப் பக்கம் போனால் சிக்னல் எடுக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும்.

அதோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேதி, இருவர் பெயர், ஐஎம்இஐ எண், விலை, தெரிந்த குறைகள், தவணை பாக்கி இல்லை என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. குர்ஆனின் ஆக நீளமான வசனம், பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்று அதே வசனம் சலுகையும் தருகிறது. ஆனால் சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நம்மிடையே "பாதி இப்போ, மீதி மாசாமாசம்" என்றுதான் அதிகம் நடக்கிறது. அது கடன். அதை எழுதத்தான் வேண்டும்.

சென்ற மாதம் வந்த ஒரு தகராறில், பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தேன் என்கிறார் ஒருவர். சொல்லவே இல்லை என்கிறார் மற்றவர். இருவரும் ஐந்து வேளை தொழுகிறவர்கள். இருவரும் சத்தியம் செய்யத் தயார். யார் பொய் சொல்கிறார் என்று நாம் நினைக்கவில்லை. இருவருக்கும் ஞாபகம் அப்படித்தான் இருக்கிறது. பேட்டரிச் செலவை ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்தோம். பெருநாளில் இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

அந்தத் தாள் விற்பவருக்கும் கவசம். நீங்கள் விற்ற போனை வைத்து நாளை எவனாவது பண மோசடி செய்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய ஆளைத் தேடி உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. பழைய போனை விற்பதற்கு முன் படங்களை மட்டும் டெலீட் செய்தால் போதாது. முழுவதுமாக அழித்துப் புதிதாக்குங்கள், மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள், வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

இந்த விவரங்கள் அடங்கிய ஒரு பக்கப் படிவத்தை நம் டிரஸ்ட் அச்சடித்து வைத்திருக்கிறது, இலவசம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் நம் இளைஞர்கள் இருவர் இருப்பார்கள். வாங்கப் போகும் போனையும் விற்பவரையும் அழைத்துக்கொண்டு வந்தால் எண்ணைச் சரிபார்த்து, படிவத்தை நிரப்பி, சாட்சிக் கையெழுத்தும் போட்டுத் தருவார்கள். கூச்சமாக இருந்தால் பழியை எங்கள் மேல் போடுங்கள்: "டிரஸ்டில் பில் இல்லாமல் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள் மச்சான்." அந்தப் பழியை ஏற்க நாங்கள் தயார்.